தீ விபத்து நஷ்டஈடு குறைந்து வந்தால் நெசவாளர் செய்ய வேண்டுவது என்ன?

தீ விபத்தில் தறியை இழக்கும் நெசவாளிக்குப் பெரும்பாலும் இரண்டு நஷ்டங்கள் நேர்கின்றன. முதலாவது, தீயினால் நேர்வது. இரண்டாவது, இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலிருந்து வரும் கடிதத்தினால் நேர்வது. ஒரு லட்சத்து அறுபதினாயிரம் ரூபாய்க்கு மனுச் செய்தவருக்கு அறுபத்தோராயிரம் அனுமதிக்கப்பட்டதாகக் கடிதம் வருகிறது. ஏன் குறைந்தது என்பதற்குக் கடிதத்தில் விளக்கம் இல்லை. உடன் இணைத்திருக்கும் ரசீதில் கையெழுத்திட்டு அனுப்பினால் பணம் வரும் என்று மட்டும் எழுதியிருக்கிறது. கையில் ஒன்றுமில்லாத வேளை. ஆதலின் அவர் கையெழுத்திட்டு விடுகிறார்.

முதல் நஷ்டத்தை நம்மால் தடுக்க இயலாது போகலாம். இரண்டாவது நஷ்டத்தைப் பல சமயங்களில் தடுக்கலாம். நிறுவனம் குறிப்பிடும் தொகை இறுதித் தீர்ப்பு அன்று. அது ஒரு கணக்கின் விடை. கணக்கு என்றால் அதை வரிவரியாகச் சரிபார்க்கலாம். பிழை கண்டால் திருத்தக் கோரலாம். அக்கணக்கு எவ்வாறு போடப்படுகிறது, எந்த வரியில் ஆட்சேபணை எழுப்புவது, யாரிடம் எழுப்புவது என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள சமவெளியிலும் தீயின் அபாயம் புதிதன்று. செல்லூர் முதலிய பகுதிகளில் வீடும் தறியும் ஒரே கூரையின் கீழ் இருப்பதைக் காண்கிறோம். சுங்குடிச் சாயத் தொழில் நடக்கும் வீடுகளில் அடுப்பும் துணியும் அருகருகே இருக்கின்றன. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கங்களில் பயிர் செய்யும் அங்கத்தினர்களுக்கு வைக்கோற்போரும், பருத்திக் கிட்டங்கியும், பம்புசெட் அறையும் உள்ளன. 2018 பிப்ரவரி 2 ஆம் நாள் இரவு மீனாட்சியம்மன் கோவிலின் வீர வசந்தராயர் மண்டபத்தில் இருந்த கடைகள் எரிந்ததை நாம் யாவரும் அறிவோம். கல் மண்டபத்திலேயே அவ்வாறு என்றால், கீற்றுக் கொட்டகையைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

முதலில் பாலிசியைப் படியுங்கள்

பல அங்கத்தினர்களுக்குத் தங்களிடம் பாலிசி இருப்பதே தெரிவதில்லை. தறிக்கென்று வங்கியில் கடன் வாங்கும்போது வங்கியே பிரீமியத்தைக் கணக்கில் பற்று எழுதி இன்ஷூர் செய்திருக்கும். பாலிசியும் வங்கியிலேயே இருக்கும். அதன் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது கடனாளியின் உரிமை. அத்தகைய பாலிசிகளில் நஷ்டஈடு வங்கிக்கே முதலில் செலுத்தப்படும் என்ற ஷரத்து வழக்கமாக இருக்கும். ஆகவே குறைந்த தொகையை வங்கி ஒப்புக்கொண்டு ரசீது கொடுத்துவிடாதபடி, நமது ஆட்சேபணையை வங்கிக்கும் எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும்.

பாலிசியில் நான்கு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, எந்தப் பொருள்கள் எழுதப்பட்டுள்ளன என்பது. 2021 ஏப்ரல் முதல் இந்நாட்டுப் பொது இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் யாவும் ஒரே மாதிரியான மூன்று தீப் பாலிசிகளை வழங்கி வருகின்றன. குடியிருப்பு வீட்டுக்குப் ‘பாரத் கிருஹ ரக்ஷா’. ஐந்து கோடி ரூபாய் வரையுள்ள தொழிலிடங்களுக்குப் ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’. அதற்கு மேல் ஐம்பது கோடி வரை ‘பாரத் லகு உத்யம் சுரக்ஷா’. வீட்டுப் பாலிசி குடியிருப்புக்கு உரியது. வீட்டினுள் தறி வைத்து நெய்பவர், தறியும் சரக்கும் தொழில் பாலிசியில் தனியே எழுதப்பட்டுள்ளனவா என்று பார்த்துக்கொள்ளல் அவசியம்.

இரண்டு, பொருள்கள் தனித்தனி இனங்களாக எழுதப்பட்டுள்ளனவா, எல்லாம் ஒரே தொகையில் அடங்கியுள்ளனவா என்பது. இதன் முக்கியத்துவம் பின்னால் விளங்கும்.

மூன்று, பிறர் பொருள். சங்கத்திலிருந்து நெசவாளி வாங்கிச் செல்லும் நூல் சங்கத்தின் உடைமை. அவருக்கு உரியது கூலி மட்டுமே. பிறருக்காகப் பொறுப்பில் வைத்திருக்கும் பொருளைப் பாலிசியில் வெளிப்படையாகக் குறிப்பிட்டாலன்றி அதற்கு நஷ்டஈடு இல்லை என்பது தீப் பாலிசிகளின் நெடுநாளைய ஷரத்து. எனவே அங்கத்தினர் வீடுகளில் இருக்கும் நூலையும் பாவையும் சங்கமே தன் பாலிசியில் இடங்களைக் குறிப்பிட்டு எழுதி வாங்குவது நலம்.

நான்கு, விலக்குகள். மின்கசிவினால் ஒரு மோட்டார் எரிந்தால் அந்த மோட்டாருக்கு மட்டும் நஷ்டஈடு மறுக்கப்படலாம். ஆனால் அதிலிருந்து பரவிய தீயால் எரிந்த தறிக்கும் கூரைக்கும் அவ்விலக்குப் பொருந்தாது. ‘மின்கசிவு’ என்ற ஒரு சொல்லைக் காட்டி முழு மனுவையும் தள்ளினால், இந்த வேறுபாட்டை எடுத்துக் காட்டுதல் வேண்டும். பயிர் செய்வோர் மற்றொன்றையும் அறிய வேண்டும். ஈர வைக்கோலும் பருத்தியும் தம்முள் சூடேறித் தாமே பற்றிக்கொள்ளுதல் எல்லாப் பாலிசிகளிலும் சேர்வதில்லை. தம் பாலிசியில் அது சேராவிட்டால் தனிப் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தொகை எவ்வாறு குறைகிறது?

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். மூன்று தறி வைத்திருக்கும் ஓர் அங்கத்தினர், ‘தறிகளும் தளவாடங்களும்’ என்ற இனத்தில் ரூ. 2,00,000-க்கு, சந்தை மதிப்பு அடிப்படையில் பாலிசி எடுத்திருக்கிறார். தீயில் ஒரு பகுதி எரிந்தது. எரிந்தவற்றைப் புதிதாக வாங்க ரூ. 1,60,000 ஆகும். நிறுவனம் அனுப்பிய சர்வேயர் பின்வருமாறு கணக்கிடுகிறார்.

புது விலை ரூ. 1,60,000. பழமைத் தேய்மானம் நூற்றுக்கு இருபத்தைந்து வீதம் ரூ. 40,000 கழிவு. எரியாமல் மிஞ்சிய இரும்புச் சாமான்களின் மதிப்பு ரூ. 5,000 கழிவு. நிகர நஷ்டம் ரூ. 1,15,000.

அடுத்தது விகிதாசார ஷரத்து. தீயன்று கொட்டகையில் இருந்த பொருள்களின் மொத்த மதிப்பு ரூ. 3,20,000 என்று சர்வேயர் மதிக்கிறார். இன்ஷூர் செய்த தொகையோ ரூ. 2,00,000. மதிப்பைக் காட்டிலும் குறைவாக இன்ஷூர் செய்தவர், குறைந்த பங்குக்குத் தாமே பொறுப்பாளி என்பது ஷரத்து. ஆகவே நூற்றுக்கு அறுபத்திரண்டரை பங்கு மட்டுமே கிடைக்கும். அது ரூ. 71,875. இதில் ஒவ்வொரு விபத்திலும் பாலிசிதாரர் தாமே ஏற்க வேண்டிய முதற்தொகை ரூ. 10,000 என்று பாலிசியில் இருப்பதாகக் கொண்டால், கடைசியில் நிற்பது ரூ. 61,875.

இப்போது இக்கணக்கைச் சோதிப்போம். மொத்த மதிப்பு ரூ. 3,20,000 என்பதில் என்னென்ன சேர்ந்துள்ளன? தறியிலிருந்த பாவும், மூலையிலிருந்த நூலும் ரூ. 70,000 பெறும் என்று அதில் சேர்த்திருக்கிறார். அவை சங்கத்தின் பொருள்கள். இந்தப் பாலிசியில் எழுதப்படாதவை. விகிதாசார ஷரத்து ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனியே பொருந்தும் என்பதே விதி. நஷ்டஈடு கொடுக்கும்போது ‘சேராது’ என்று ஒதுக்கிய பொருளை, மதிப்பைக் கூட்டும்போது மட்டும் சேர்த்தல் முறையன்று. அதை நீக்கினால் மொத்த மதிப்பு ரூ. 2,50,000. கிடைக்கும் பங்கு நூற்றுக்கு எண்பது. ரூ. 1,15,000-இல் எண்பது பங்கு ரூ. 92,000. முதற்தொகை போக ரூ. 82,000. ஒரே ஒரு வரியைத் திருத்தியதால் ரூ. 20,125 கூடுகிறது.

மற்றொரு திருத்தத்தையும் பார்ப்போம். எரிந்தவற்றுள் ஒரு தறி இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு சங்கக் கடனில் வாங்கியது. கடன் பேரேடு அதற்குச் சாட்சி. அதன்படித் தேய்மானம் ரூ. 40,000-லிருந்து ரூ. 28,000-ஆகக் குறைகிறது. நிகர நஷ்டம் ரூ. 1,27,000 ஆகிறது. ஆனால் மொத்த மதிப்பும் அதே ரூ. 12,000 உயர்ந்து ரூ. 2,62,000 ஆகிவிடும். விகிதாசாரம் போட்டு, முதற்தொகையையும் கழித்தால் ரூ. 86,947. பன்னிரண்டாயிரம் கூடுதலாக வாதித்தும் கைக்கு வந்தது ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைவே.

நம் அங்கத்தினர்கள் எரிந்த பொருளின் விலையைப் பற்றி மட்டுமே வாதாடுகிறார்கள். கடிதத்தின் மிகப் பெரிய வெட்டு பெரும்பாலும் அங்கு விழுவதில்லை. மொத்த மதிப்பு என்ற வரியில் விழுகிறது. ஆகவே அதையே முதலில் பார்க்க வேண்டும்.

இந்த வெட்டுக்கு வரம்புகளும் உண்டு. ‘கிருஹ ரக்ஷா’ வீட்டுப் பாலிசியில் விகிதாசார வெட்டே இல்லை. ‘சூக்ஷ்ம உத்யம்’ பாலிசியில், குறைவு நூற்றுக்குப் பதினைந்துக்கு மேற்படாவிட்டால் வெட்டக் கூடாது. ரூ. 2,50,000 மதிப்புள்ள பொருளை ரூ. 2,12,500-க்கு இன்ஷூர் செய்திருந்தாலே போதும். ஆகவே நம் பாலிசி எந்த வகை என்பதை அறியாமல் வெட்டை ஒப்புக்கொள்ளலாகாது. வெட்டு ஷரத்துப்படி சரியாகவே போடப்பட்டிருந்தால், அதை எதிர்த்து அலைவதிலும் பயனில்லை. ஒவ்வோர் ஆண்டும் பாலிசியைப் புதுப்பிக்கும் வேளையில் மதிப்பை உயர்த்தி எழுதுவதே அதற்குப் பரிகாரம்.

சர்வேயரின் அறிக்கை

குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட நஷ்டங்களுக்கு உரிமம் பெற்ற சர்வேயரைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்பது 1938 ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 64-யு.எம். பிரிவு. அவருக்குக் கூலி கொடுப்பது நிறுவனமாயினும், அவர் நடுநிலையில் நின்று மதிப்பிடக் கடமைப்பட்டவர். அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெறப் பாலிசிதாரருக்கு உரிமை உண்டு. நகல் கையில் இல்லாமல் ஆட்சேபணை எழுதுவது, கணக்கைப் பாராமல் விடையைத் திருத்துவதை ஒக்கும்.

சர்வேயரின் அறிக்கைக்கு மதிப்பு உண்டு. ஆனால் அது மாற்ற முடியாததன்று. அவ்வறிக்கை கடைசி வார்த்தை அன்று, தக்க சான்றுகள் இருப்பின் அதனின்றும் விலகலாம் என்று 2009 இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. அதே ஆண்டில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா சிண்டிகேட் வழக்கில், முதல் அறிக்கை பிடிக்கவில்லை என்பதற்காகக் காரணம் காட்டாமல் சர்வேயர்களை ஒருவர் பின் ஒருவராக நிறுவனம் நியமித்துக்கொண்டே போகலாகாது என்றும் தீர்ப்பளித்தது.

காலக்கெடுவும் உண்டு. 2017 ஆம் ஆண்டு விதிகள் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்கும்படியும், அவர் முப்பது நாட்களுக்குள் அறிக்கை தரும்படியும் கூறின. 2024 இல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்து, கெடுக்கள் மேலும் சுருக்கப்பட்டன. ஆவணங்கள் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மனுவைத் தள்ளலாகாது என்றும் 2024 ஜூன் மாதத்துச் சுற்றறிக்கையில் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் அறிவித்தது.

சங்கத்தின் பேரேடு ஒரு சாட்சி

வீட்டிலிருந்த ரசீதுகள் தறியோடு எரிந்துவிடுகின்றன. பெரிய ஆலைக்காரருக்கு ஆடிட்டர் இருக்கிறார். நெசவாளிக்கு யார் இருக்கிறார்கள்? இங்கேதான் கூட்டுறவின் பயன் தெரிகிறது. தறி வாங்கிய கடன் பேரேடு, நூல் வழங்கிய பதிவேடு, நெய்த துணி ஒப்படைத்த பதிவேடு, கூலிப் பட்டுவாடாப் பட்டியல் ஆகிய யாவும் சங்க அலுவலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. இன்ன தேதியில் இத்தனை தறி ஓடியது, இத்தனை நூல் அவர் வீட்டில் நிலுவையாக இருந்தது, அதில் எது சங்கத்தின் உடைமை என்பதை அவற்றைக் கொண்டு ஐயமின்றி நிறுவலாம். சங்கச் செயலாளர் இவற்றின் சான்றிட்ட நகல்களை, அங்கத்தினர் கேட்ட அன்றே கொடுத்துதவ வேண்டும்.

இவற்றுடன் தீயணைப்பு நிலையத்தின் சான்று, காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் நகல், கிராம நிர்வாக அலுவலரின் சான்று ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். சாம்பலை வாரிக் கொட்டும் முன் நான்கு புறமும் புகைப்படம் எடுத்தல் வேண்டும். சர்வேயர் பார்க்கும் வரை எரிந்த சாமான்களை அகற்றவோ விற்கவோ கூடாது. புதுத் தறிக்குத் தச்சரிடமும், கூரைக்குக் கொத்தனாரிடமும் விலைப்பட்டியல் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

கையெழுத்திடும் முன்

‘முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன்’ என்ற ரசீதே பல மனுக்களுக்கு முடிவு கட்டிவிடுகிறது. 1999 இல், அஜ்மீர் சிங் காட்டன் அண்டு ஜெனரல் மில்ஸ் வழக்கில், இத்தகைய ரசீதில் கையெழுத்திட்டதாலேயே மீதித் தொகை கேட்கும் உரிமை போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் அக்கையெழுத்து மோசடியாலோ, தவறான தகவலாலோ, தகாத நிர்ப்பந்தத்தாலோ பெறப்பட்டது என்று நிரூபிக்க வேண்டும். 2014 இல் ஜீனஸ் பவர் வழக்கில், ரசீது கொடுத்து மூன்று வாரம் கழித்து, நிர்ப்பந்தம் என்று வெறுமனே சொன்னதை அந்நீதிமன்றம் ஏற்கவில்லை. அவ்வழக்கும் தீ விபத்தைப் பற்றியதே.

ஆகவே ஆட்சேபணை கையெழுத்துக்கு முன்னரோ, அதனுடனோ இருக்க வேண்டும். பணம் உடனே தேவைப்படின், நிறுவனத்துக்கு இவ்வாறு எழுதலாம்: ‘இத்தொகையை ஆட்சேபணையின் பேரில் பகுதித் தொகையாக மட்டுமே பெற்றுக்கொள்ளச் சம்மதிக்கிறேன். மீதித் தொகைக்குரிய என் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை.’ இதை விரைவுத் தபாலில் அனுப்பி, அது சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்த வேண்டும்.

முறையிடும் படிகள்

முதற்படி, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரி. கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். கோபமான வார்த்தைகள் வேண்டா. அறிக்கையின் எந்த வரி தவறு, சரியான எண் எது, அதற்குச் சான்று என்ன என்ற மூன்றை மட்டும் எழுதினால் போதும். இத்துடன் ஒழுங்குமுறை ஆணையத்தின் ‘பீமா பரோசா’ வழியாகவும் புகாரைப் பதிவு செய்யலாம். 155255 என்ற தொலைபேசி எண்ணிலும் தெரிவிக்கலாம்.

இரண்டாம் படி, இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் எனப்படும் குறைதீர்ப்பாளர். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் உரிய அலுவலகம் சென்னையில் உள்ளது. நிறுவனம் ஒரு மாதத்துக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலோ ஓராண்டுக்குள் இவரிடம் மனுச் செய்யலாம். தனி நபர்களும், தனியுரிமைத் தொழில் நடத்துவோரும், குறுந்தொழில்களும் இதற்கு உரியவர்கள். கட்டணம் இல்லை; வக்கீலும் வேண்டுவதில்லை. முன்பு முப்பது லட்சமாக இருந்த வரம்பு 2023 இல் ஐம்பது லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. இவருடைய தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். அதே விஷயம் நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ நிலுவையில் இருந்தால் இவரிடம் செல்ல இயலாது.

மூன்றாம் படி, மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். நிறுவனத்தின் தலைமையகத்தைத் தேடி அலைய வேண்டுவதில்லை. கெடு இரண்டு ஆண்டுகள். செலுத்திய பிரீமியம் ஐந்து லட்சத்துக்கு மேற்படாதாயின் மனுக் கட்டணமும் இல்லை. கூட்டுறவுச் சங்கமும் இச்சட்டத்தில் ‘நபர்’ என்ற சொல்லில் அடங்கும். தொழிலுக்காக எடுத்த பாலிசி ஆயிற்றே, நாம் நுகர்வோரா என்று தயங்க வேண்டா. இன்ஷூரன்ஸ் எடுப்பது லாபம் ஈட்டவன்று, நஷ்டத்தை ஈடுசெய்யவே என்று 2023 இல் ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது.

சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்

1666 இல் லண்டன் மாநகரம் எரிந்த பிறகே தீ இன்ஷூரன்ஸ் என்ற ஏற்பாடு அங்கே வேரூன்றியது. பலர் சிறிது சிறிதாகப் போட்டு ஒருவரின் பெருநஷ்டத்தைத் தாங்குவது அதன் தத்துவம். அது கூட்டுறவின் தத்துவமும் ஆகும். எனவே பாலிசி எடுத்துக் கொடுப்பதோடு சங்கத்தின் கடமை தீர்ந்துவிடாது.

நிர்வாகக் குழுவினர் ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே மூன்று காரியங்களைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். அங்கத்தினர் வீடுகளில் உள்ள தறிகளின் இன்றைய மதிப்பைப் பட்டியலிட வேண்டும். அப்பட்டியலின் நகலைச் சங்க அலுவலகத்தில் வைக்க வேண்டும். சங்கத்தின் நூலைத் தனி இனமாகப் பாலிசியில் எழுதச் செய்ய வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு சில தாள்களும் ஒரு நாள் உழைப்புமே.

எரிந்த கொட்டகையின் முன் நிற்கும் அங்கத்தினருக்குக் கணக்குப் பார்க்கும் மனநிலை இராது. அந்த வேளையில் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, அவருடன் அமர்ந்து வரிவரியாகப் படித்து, ஆட்சேபணையை எழுதிக் கொடுக்க வேண்டியது சங்கமே. அவ்வாறு செய்யும் சங்கத்தின் அங்கத்தினர், தீயினால் இழந்ததைத் தாளினாலும் இழக்க மாட்டார்.